ஜூன் மாதத்தில் பேரவை எங்கே இருந்தது?

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காவல் துறையை ஆண்டு முழுவதும் கவனிக்கப் பேரவையில் ஒரு குழு வேண்டும் என்று கேட்டு, ஆளும் வரிசை, எதிர் வரிசை இரண்டுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு ஆண்டும் காவல் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு, அதாவது துறையின் வேலைகளைப் பற்றி அரசு பேரவையில் வைக்கும் ஆவணம், வந்ததும் அதை இறக்கிவைத்துப் படிப்பது என் பழக்கம். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை வீட்டில் ஐந்து பவுன் சங்கிலி காணாமல் போனது. புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனது நான்தான். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். வீட்டுக்குள் வந்துபோகும் வெளியாள் என்று பார்த்தால் வேலைக்கு வரும் அம்மா ஒருவர்தான். தங்கை அந்தப் பெயரைச் சொன்னாள். நான் தடுக்கவில்லை.

அன்று மாலை அந்த அம்மாவைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வெளியே விட்டார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே அவர் வரவில்லை. சங்கிலியும் கிடைக்கவில்லை.

பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு சொன்னது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தேதியில் அந்த நிலையத்துக்கு எத்தனை பெண்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தது.

அந்த இரவு எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாததால் கொள்கை விளக்கக் குறிப்பிலும் இல்லை. குறிப்பில் இல்லாததால் உங்கள் அவையிலும் இல்லை. அந்த அம்மாவுக்கு நான் செய்ததை என்னால் சரிசெய்ய முடியவில்லை. உங்களுக்கு எழுதவாவது முடியும் என்றுதான் எழுதுகிறேன்.

காவல் துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கை, எண் 22, பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசியில் வருகிறது. ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள். பல பத்தாண்டுகளாக முதலமைச்சர்களே இந்தத் துறையைக் கையில் வைத்திருப்பதால் அன்றைய விவாதம் அரசியல் மேடையாக மாறிவிடுகிறது. உங்கள் ஆட்சியில் எத்தனை கொலை, எங்கள் ஆட்சியில் எத்தனை கொலை என்று பட்டியல் வாசிக்கிறீர்கள். பேசிய சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்கிறது. பதிலுரை, புதிய வாகனங்கள், புதிய கட்டடங்கள், அறிவிப்புகள். மாலையில் கோரிக்கை நிறைவேறுகிறது. கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்கள் காகிதத்தில் இருந்தபடியே தோற்றுப்போகின்றன.

1,300-க்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமான காவலர்கள், கைது செய்யவும் தேவைப்பட்டால் சுடவும் அதிகாரம் உள்ள ஒரு துறை. இதற்கு ஆண்டில் ஒன்றிரண்டு நாள் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இனி ஜூன் மாதத்துக்கு வருகிறேன்.

2020 ஜூன் 19. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே அடிக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும் 23-ஆம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நிலையத்துக்கே போய் விசாரித்தார். அங்கே அவரையே மரியாதைக் குறைவாக நடத்தினார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பெண் தலைமைக் காவலர் ஒருவர் பயத்தோடும் துணிவோடும் நடந்ததைச் சொன்னார். நிலையமே சில நாள் வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கப்பட்டது.

இதெல்லாம் நடந்தபோது பேரவை கூடவில்லை. அடுத்து அது கூடியது செப்டம்பர் 14-ஆம் தேதி, கலைவாணர் அரங்கத்தில், மூன்றே நாளுக்கு. பெருந்தொற்றுக் காலம் என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் கேள்வி கேட்டது முழுக்க நீதிமன்றம்தான்.

2025 ஜூன் கடைசி. சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் வைத்த நகை காணாமல் போனதாக வந்த புகாரின்பேரில், தனிப்படைக் காவலர்களால் அடிக்கப்பட்டு இறந்தார். உடலில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததை ஒருவர் செல்போனில் மறைந்திருந்து எடுத்த சில நொடிக் காட்சிதான் வழக்கையே திருப்பியது. முதல் தகவல் அறிக்கை இல்லாமல் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று மதுரைக் கிளை கேட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. நகை, புகார், சந்தேகம் என்று ஒரு பெயர், எஃப்.ஐ.ஆர். இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் இதே வரிசைதான். அந்த அம்மா மறுநாள் திரும்பி வந்தார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த ஆண்டும் ஏப்ரல் கடைசியிலேயே கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அடுத்து அவை கூடியது அக்டோபர் 14. இடையில் ஐந்தரை மாதம்.

தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊரான வாச்சாத்திக்குள் அரசு ஊழியர்களே புகுந்து சூறையாடி, பெண்களை வன்கொடுமை செய்ததும் ஜூன் மாதம்தான், 1992 ஜூன் 20. அரசு மறுத்துக்கொண்டே இருந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஏ.நல்லசிவன் நீதிமன்றத்துக்குப் போனார். 1995-இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், மக்கள் மன்றத்தில் கிடைக்காத பதிலைத் தேடி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்ன ஆண்டுகளைப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியும் அதில் இருக்கிறது. ஆகவே யாரும் யாரையும் பார்த்து மேசையைத் தட்ட வேண்டாம்.

அவை கூடியிருந்த ஒரு ஜூனையும் சொல்ல வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டொரு நாளில் அவை கூடியது. கேள்வி நேரத்தை ஒத்திவைக்கச் சொல்லி எதிர்க்கட்சி கோஷம் போட்டது. அவைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். 26-ஆம் தேதி அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மாத முடிவுக்குள் மதுவிலக்குச் சட்டத்துக்கு ஆயுள் தண்டனை வரை போகும் திருத்தம் நிறைவேறியது. சட்டத்தைக் கடுமையாக்கியது சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இதே மெத்தனாலுக்கு 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியாகியிருந்தார்கள். ஆலைகளிலிருந்து மெத்தனால் எப்படி வெளியே வருகிறது, எந்தப் பதிவேட்டை யார் சரிபார்க்கிறார்கள், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் எந்த மாவட்டத்தில் எத்தனை இடம் காலி என்று அந்தப் பதின்மூன்று மாதத்தில் அதிகாரிகளை உட்காரவைத்துக் கேட்கப் பேரவையின் சார்பில் ஓர் இடம் இருந்ததா?

இல்லை. என் கோரிக்கை இந்த இடத்தில்தான் வருகிறது.

நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இப்போது 24. அதில் ஒன்று உள்துறைக்கானது. ஒவ்வொன்றிலும் இரு அவைகளையும் சேர்ந்த 31 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. அவை கூடாத மாதங்களிலும் இந்தக் குழுக்கள் கூடும், செயலாளர்களை வரவழைக்கும், கோப்புகளைக் கேட்கும், அறிக்கை தரும். கேரளத்தில் 1980-லிருந்தே பொருட்குழுக்கள் உண்டு, இப்போது 14. பட்ஜெட் பொது விவாதம் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் அவற்றுக்குப் போய்த்தான் அவைக்குத் திரும்புகின்றன. அங்கே அமைச்சரே குழுத் தலைவராக இருக்கிறார், அது எனக்குச் சரியாகப் படவில்லை. என்றாலும் கோரிக்கையை ஒரு சிறு அறையில் வரிவரியாகப் பார்க்கும் பழக்கமாவது அங்கே இருக்கிறது.

நம் பேரவையில் மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, உறுதிமொழிக் குழு, மனுக்கள் குழு எல்லாம் உண்டு. ஒன்று செலவைப் பார்க்கும், ஒன்று வாக்குறுதியைப் பார்க்கும். ஒரு துறையை ஆண்டு முழுவதும் பின்தொடரும் குழு கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைத் திறந்தால் முதல் பதிவு பொது ஒழுங்கு, இரண்டாவது பதிவு காவல். மாநில உரிமையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. அந்த உரிமைப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளுக்கும் நம்மிடம் ஒரு குழு இல்லை.

ஆகவே பேரவை விதிகளைத் திருத்தி, காவல் துறைக்கென்று ஒரு நிலைக்குழு அமையுங்கள். அமைச்சர்கள் அதில் வேண்டாம். தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து வரட்டும். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் அப்படித்தான் நடந்துவருகிறது, ஆட்சி எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. மாதம் ஒருமுறையாவது கூடட்டும்.

இதற்கு வரும் மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன். நடக்கும் வழக்கில் அரசியல்வாதிகள் தலையிடுவார்கள் என்பது ஒன்று. நியாயமான பயம்தான். ஆனால் இன்று தலையீடு இல்லையா? இன்ஸ்பெக்டர் மாற்றலுக்குப் பரிந்துரைக் கடிதம், புகாரை எடு, எடுக்காதே என்று ஸ்டேஷனுக்குப் போகும் தொலைபேசி, இவை எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரிந்தவை. எழுத்தில் வராத அந்தச் செல்வாக்குக்குப் பதிலாக எழுத்தில் வரும் கேள்வியைக் கேட்கிறேன். குழு எந்தத் தனி வழக்கையும் தொடக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிடலாம். நடைமுறை, எண்ணிக்கை, பயிற்சி, பணம், ஆள்பலம், இவற்றைப் பார்த்தாலே அதற்கு நேரம் போதாது.

காவலர்களின் மனஉறுதி குலையும் என்பது இன்னொன்று. இதை நான் ஏற்கவில்லை. என்னிடம் படித்த ஒருவன் இப்போது ஏட்டாக இருக்கிறான். "பந்தோபஸ்து முடிஞ்சு வந்து ஷூவக் கழட்டினா அடுத்த பந்தோபஸ்து சார்" என்பான். வார ஓய்வு தர வேண்டும் என்று 2021-இல் அரசாணை வந்தது. அது எந்த நிலையத்தில் எத்தனை பேருக்கு உண்மையில் கிடைக்கிறது? அதிகாரிகள் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்ததாக ஆணை இருக்கிறது. 2022-இல் உயர் நீதிமன்றம் மறுபடி அதைப் பிடித்துக் கேட்க வேண்டியிருந்தது. காவலர்கள் சங்கம் வைக்க முடியாது, போராட முடியாது. பெயர் வெளியே வராமல் அவர்கள் பேச ஓர் இடம் வேண்டாமா? சாத்தான்குளத்துத் தலைமைக் காவலர் போல உண்மை சொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு நீதிபதி வந்து கேட்கும்வரை வேறு வழி இல்லையென்றால் அது துறைக்கும் நல்லதில்லை.

கூட்ட நெரிசல், ஊர்வலம், திருவிழா போன்ற விஷயங்களும் இதில் அடங்கும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். யார் குற்றம் என்பதை விசாரணை சொல்லட்டும். இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, வெளியேறும் வழி ஆகியவற்றுக்கு அனுமதி கொடுக்கும் விதிமுறை எப்படி இருந்தது, இனி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்பது உங்கள் வேலை.

விசாரணை ஆணையங்கள் இருக்கின்றனவே என்று சொல்லலாம். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இறுதி அறிக்கையை 2022 மே மாதம் கொடுத்தது. அவையில் அது வைக்கப்பட்டது அக்டோபர் 18-இல். 17 காவல் அதிகாரிகள் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை இருந்தது. 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டம், அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்கச் சொல்கிறது. வைத்த பிறகு? அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு, ஒவ்வொரு பரிந்துரையும் என்ன ஆனது என்று தேதி போட்டுக் கேட்க ஆள் வேண்டும். ஆணையம் கலைந்துபோகும். குழு நிலைத்திருக்கும்.

காவல் துறைச் சீர்திருத்தம் கேட்டு ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஏழு கட்டளைகளில் முதலாவது, மாநிலப் பாதுகாப்பு ஆணையம். அந்த ஆணையம் காவல் துறையின் செயல்பாட்டை மதிப்பிட்டு, அந்த அறிக்கையைச் சட்டமன்றத்தின் முன் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மேசைக்கு வர வேண்டிய காகிதம் அது. அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு கட்டளை, காவலர்கள் மேலான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு. பேரவை 2013-இல் நிறைவேற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியரும் எஸ்.பி.யும். எங்கள் வேலைக்கார அம்மா தன் மணிக்கட்டைப் பற்றிப் புகார் கொடுப்பதென்றால் அந்த எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பாரா?

இந்த மசோதா ஒரு குழுவின் கையில் கொஞ்ச நாள் இருந்திருந்தால் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். சித்திரவதைத் தடுப்பு மசோதாவை 2010 மே மாதம் மக்களவை நிறைவேற்றியது; மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது; அந்தக் குழு பல திருத்தங்களோடு டிசம்பரிலேயே அறிக்கை தந்தது. பிறகு மசோதா 2014-இல் காலாவதி ஆனது, அது வேறு வருத்தம். குழுவில் ஒரு மசோதா எப்படி மாறும் என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியாக மாவுக்கட்டு. கையில் கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கும் படம், "தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிவு" என்ற செய்தி, கீழே கைதட்டல். கொடூரமான குற்றம் ஒன்றில் அப்படி ஒரு படம் வந்தபோது, நல்லா வேணும் என்று நானும் நினைத்தேன். நிரூபிக்கும் பொறுமை நமக்கு இல்லாமல் போனதால் வந்த நினைப்பு அது. நிலையத்துக் கழிப்பறைகளில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் கேட்டது. இதையும் நீதிமன்றம்தான் கேட்டது. கைதியைச் சிறையில் சேர்க்கும்போது உடலில் உள்ள காயங்களைக் குறிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளை நிலையவாரியாகத் தொகுத்தாலே எந்த ஸ்டேஷன் தரை வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், இது ஒரு பிற்பகல் வேலை.

அப்புறம், நிலையம்தோறும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-இல் உத்தரவிட்டது. எத்தனை நிலையங்களில் இன்று அது வேலை செய்கிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, கெட்டுப்போனால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்? எத்தனை புகார்கள் சி.எஸ்.ஆரோடு நின்றன? எஃப்.ஐ.ஆர். இல்லாமல் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விகளை என் தொகுதி உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குழு அமைய நாளாகும் என்று தெரியும். அதற்கு முன்பே எண் 22 ஒருமுறை அவைக்கு வரும். அன்றைக்குப் பார்வையாளர் மாடத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டும் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தென் மாவட்ட வாக்காளர் ஒருவர்